சாரணர் சட்டமும் நற்பண்பும்: இந்தியச் சாரணியத்தின் வரலாறு

சாரணர் இயக்கம் சிறுவர், சிறுமியரிடம் நற்பண்பு, உடல்நலம், கைத்திறன், பிறருக்கு உதவும் மனம் ஆகியவற்றை வளர்க்கும் நோக்குடைய உலகளாவிய இயக்கம். பிரித்தானியப் படை அதிகாரியான ராபர்ட் பேடன் பவல் 1907இல் நடத்திய சோதனை முகாமிலிருந்து இது தோன்றியது. சாரணர் அனைவரும் சகோதரர் என்பது இதன் சட்டம். ஆனால் இந்தியாவில் இந்த இயக்கம் கால்கொண்டபோது இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடமில்லை. தன் சட்டத்துக்குத் தானே கட்டுப்பட இந்த இயக்கம் எப்படிக் கற்றுக்கொண்டது என்பதே இந்தியச் சாரணிய வரலாற்றின் மையம்.

மாஃபெகிங் முற்றுகை

பேடன் பவல் 1857இல் லண்டனில் பிறந்தவர். 1876இல் குதிரைப்படை அதிகாரியாக லக்னோ வந்து சேர்ந்தார். காட்டில் தடம் பார்த்து நடத்தல், சிறு அடையாளங்களைக் கவனித்து உண்மையை ஊகித்தல், குறைந்த பொருளைக் கொண்டு வெளியிடத்தில் வாழ்தல் ஆகியவற்றை அவர் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆற்றிய பணியில் பழகினார். இவற்றைப் படைவீரர்களுக்குக் கற்பிக்க எழுதிய கையேடு 1899இல் வெளியானது.

அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. மாஃபெகிங் நகரை போயர்கள் 217 நாட்கள் முற்றுகையிட்டனர். நகரைக் காத்த படைக்குத் தலைமை தாங்கியவர் பேடன் பவல். ஆட்கள் போதாததால் நகரத்துச் சிறுவர்கள் ஓர் அணியாகச் சேர்க்கப்பட்டு, செய்தி கொண்டுசெல்லவும், காவல் பார்க்கவும், மருத்துவமனையில் உதவவும் பயன்படுத்தப்பட்டனர். பொறுப்பைக் கொடுத்தால் சிறுவர்கள் அதைத் தாங்குவார்கள் என்பது அங்கே அவர் கண்ட உண்மை.

முற்றுகை முடிந்தபோது பேடன் பவல் பிரித்தானியாவின் தேசிய வீரராகக் கொண்டாடப்பட்டார். எனினும் முற்றுகைக் காலத்தில் நகரின் கறுப்பின மக்களுக்கு உணவு பங்கிடப்பட்ட விதத்தைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் கடுமையாக விமர்சித்துள்ளனர். பேரரசின் காலத்து மனிதருக்கு இருந்த பார்வை எல்லை அவருக்கும் இருந்தது. அந்த எல்லை பின்னர் இந்தியாவிலும் வெளிப்பட்டது.

பிரவுன்சீ தீவு முகாம்

1907 ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களுடன் பேடன் பவல் ஒரு முகாம் நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலிருந்து ஒரு பகுதியினரும், உழைக்கும் குடும்பங்களிலிருந்து ஒரு பகுதியினரும் வந்திருந்தனர். வகுப்பு வேற்றுமை ஆழமாக வேரூன்றியிருந்த அன்றைய இங்கிலாந்தில் இவர்கள் ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒரே அடுப்பில் சமைத்து உண்டது புதுமை. ஓநாய், காளை, அண்டங்காக்கை, நீர்ப்பறவை ஆகியவற்றின் பெயர்களில் நான்கு அணிகள் அமைந்தன. ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன்.

1908இல் சிறுவர்களுக்கான சாரணியக் கையேடு பகுதி பகுதியாக வெளிவந்தது. அதைப் படித்த சிறுவர்கள் எவருடைய அழைப்புக்கும் காத்திராமல் தாங்களே அணிகள் அமைத்தனர். 1909இல் லண்டனின் கிறிஸ்டல் பேலஸ் அரங்கில் நடந்த பேரணிக்குச் சிறுமியர் சிலரும் தாமாகவே சாரணர் உடையில் வந்து நின்றனர். அவர்களைப் புறக்கணிக்க முடியாமல் 1910இல் சாரணியர் இயக்கம் தொடங்கப்பட்டது. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதை வழிநடத்தினார்.

சட்டமும் நாள்தோறும் ஒரு நற்செயலும்

1908இல் சாரணர் சட்டத்தில் ஒன்பது விதிகள் இருந்தன. எண்ணம், சொல், செயல் ஆகியவற்றில் தூய்மை என்னும் பத்தாவது விதி 1911இல் சேர்ந்தது. நம்பிக்கைக்கு உரியவராதல், பிறருக்குப் பயன்படுதல், பணிவு, விலங்குகளிடம் அன்பு, இன்னலிலும் மலர்ச்சி, சிக்கனம் ஆகியவை இவ்விதிகளின் சாரம்.

இவ்விதிகளின் அமைப்பு கவனிக்கத் தக்கது. ஆத்திசூடி போன்ற நீதிநூல்கள் இதைச் செய், இதைச் செய்யாதே என்று கட்டளையிடுகின்றன. சாரணர் சட்டம் பெரும்பாலும் சாரணர் எப்படிப்பட்டவர் என்று விவரிக்கிறது. பொய் சொல்லாதே என்று தடுப்பதற்குப் பதிலாக, சாரணரின் சொல்லை நம்பலாம் என்கிறது. சிறுவன் அந்த விவரிப்புக்கு ஏற்பத் தன்னை ஆக்கிக்கொள்ள வேண்டும்.

நான்காவது விதி, சாரணர் எல்லோருக்கும் நண்பர் என்றும், சமூகத்தில் எந்த வகுப்பினராயினும் மற்றச் சாரணருக்குச் சகோதரர் என்றும் கூறுகிறது. பிரவுன்சீ முகாமில் செயலாகக் காட்டப்பட்டது இங்கே விதியாயிற்று.

சட்டத்தை அன்றாட வாழ்வோடு இணைத்தது நாள்தோறும் ஒரு நற்செயல் என்னும் வழக்கம். முதியவர் சாலையைக் கடக்க உதவலாம், தாகத்தோடு நிற்கும் விலங்குக்கு நீர் வைக்கலாம், பாதையில் கிடக்கும் பழத்தோலை எடுத்து அப்புறப்படுத்தலாம். செயல் சிறியதாக இருக்கலாம். ஆனால் நாள் தவறக்கூடாது, கைம்மாறும் பெறக்கூடாது. நினைவூட்டலுக்காகக் கழுத்துத்துணியில் ஒரு முடிச்சு போட்டுக்கொள்வதும், நற்செயல் முடிந்த பின் அதை அவிழ்ப்பதும் பழைய வழக்கம்.

இந்தியாவிடமிருந்து பெற்றதும் இந்தியருக்கு மறுத்ததும்

சாரணியம் இந்தியாவுக்கு நிறையக் கடன்பட்டது. பேடன் பவலின் தொடக்க காலப் பயிற்சி இங்குதான் நடந்தது. பல பொருள்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு நினைவிலிருந்து சொல்லும் ‘கிம் விளையாட்டு’, லாகூரில் தொடங்கும் கிப்ளிங்கின் ‘கிம்’ நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. 1916இல் இளம் சிறுவர்களுக்காகத் தொடங்கிய குருளையர் பிரிவு, மத்திய இந்தியாவின் சியோனிக் காட்டைக் களமாகக் கொண்ட ‘காட்டுப் புத்தக’க் கதைகளின் மேல் எழுந்தது. குருளையர் தலைவருக்கு வழங்கும் அகேலா என்ற பெயரும் அக்கதையில் வரும் ஓநாயின் பெயரே.

1909இல் பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியில் இந்தியாவின் முதல் சாரணர் குழு தொடங்கியது. 1911இல் ஜபல்பூரில் சாரணியர் குழு அமைந்தது. ஆனால் இவை ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குழந்தைகளுக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. தடம் பார்த்தல், சைகைச் செய்தி, அணியாக இயங்குதல் ஆகியவற்றைக் கற்ற இந்திய இளைஞர்கள் நாளை ஆட்சிக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்ற அச்சம் ஆட்சியாளர்களுக்கு இருந்தது. வங்காளத்திலும் பஞ்சாபிலும் புரட்சி இயக்கங்கள் வலுப்பெற்றிருந்த காலம் அது. எல்லோருக்கும் நண்பர் என்ற விதியை நாள்தோறும் சொன்ன இயக்கம், தான் பிறக்க உதவிய மண்ணின் பிள்ளைகளை வாசலில் நிறுத்தியது.

அலகாபாத்தும் அடையாறும்

இந்தியர்கள் இந்தத் தடையை இரண்டு இடங்களிலிருந்து எதிர்கொண்டனர். வடக்கே ஷாஜகான்பூரில் ஸ்ரீராம் பாஜ்பாய் 1913இல் இந்தியச் சிறுவர்களைக் கொண்டு தாமே ஒரு குழுவைத் தொடங்கினார். பின்னர் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு ஆகியோருடன் இணைந்து அலகாபாத்தில் சேவா சமிதி சாரணர் சங்கம் உருவாக்கப்பட்டது. இலட்சக்கணக்கில் யாத்திரிகர்கள் கூடும் மேளாக்கள் சேவா சமிதித் தொண்டர்களின் பணிக்களமாயின. வழிதவறியவர்களை உறவினரிடம் சேர்த்தல், நோயுற்றவர்களுக்கு உதவுதல் போன்ற பணிகளில் நற்செயல் என்பது இந்தியத் தொண்டு மரபோடு கலந்தது.

தெற்கே, சென்னை அடையாறில் இருந்த பிரம்மஞான சபையின் தலைவர் அன்னி பெசன்ட், ஜார்ஜ் அருண்டேலுடன் சேர்ந்து 1916-17 காலத்தில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அருண்டேல் பின்னாளில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவியின் கணவர். பெசன்ட் அம்மையார் தன்னாட்சி இயக்கத்தை நடத்தி, 1917இல் அரசால் காவலில் வைக்கப்பட்ட காலமும் அதுவே. இச்சங்கத்துச் சிறுவர்கள் அகன்ற விளிம்புத் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை அணிந்தனர். இந்தியப் பாடல்களைப் பாடினர். நற்பண்பு கற்க வேற்று நாட்டவரைப் போல வேடம் பூண வேண்டியதில்லை என்பதை அந்தத் தலைப்பாகை காட்டியது.

1921 இணைப்பும் 1937 சர்ச்சையும்

இந்தியச் சாரணரின் தொண்டு வளர்ந்தபின் அவர்களைப் புறக்கணிப்பது கடினமாயிற்று. 1921இன் தொடக்கத்தில் பேடன் பவல் தம் மனைவியோடு இந்தியா வந்தார். சென்னையில் பெசன்ட் அம்மையாரைச் சந்தித்தார். அவருடைய சங்கம் அதிகாரபூர்வ இயக்கத்தோடு இணைந்தது. இந்தியச் சிறுவர்களுக்கு வாசல் திறந்தது. பெசன்ட் அம்மையார் இந்தியாவுக்கான கௌரவச் சாரண ஆணையராக நியமிக்கப்பட்டார். 1932இல் இயக்கத்தின் உயரிய விருதான வெள்ளி ஓநாய் அவருக்கு வழங்கப்பட்டது.

சேவா சமிதியினர் இணையாமல் தனித்து நின்றனர். சாரணர் உறுதிமொழியில் கடவுளுக்கு அடுத்து மன்னருக்குக் கடமை செய்வதாகச் சொல்ல வேண்டியிருந்தது. விடுதலை கோரும் நாட்டின் பிள்ளைகள் அதை மனமறிந்து சொல்ல முடியுமா என்பது எளிய கேள்வியாக இல்லை. நம்பிக்கைக்கு உரியவராக இருக்க வேண்டிய சாரணர், மனம் ஒப்பாத உறுதியை வாயால் மட்டும் சொல்வது முதல் விதிக்கே முரண்.

1937இல் டெல்லியில் நடந்த அகில இந்தியச் சாரணர் பெருவிழாவுக்குப் பேடன் பவல் வந்தார். அதையொட்டி இந்தியரின் ஒழுக்கத்தைக் குறைத்து மதிப்பிடும் வகையில் அவர் கூறியதாக வெளியான கருத்துகள் நாடெங்கும் சினத்தை எழுப்பின. பலர் இயக்கத்தை விட்டு வெளியேறினர். 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவானது. நற்பண்பு ஏதோ ஓர் இனத்தின் உடைமை அன்று என்பதே அந்த வெளியேற்றத்தின் பொருள். இயக்கத்தின் நிறுவனரை அவர் எழுதிய சட்டத்தைக் கொண்டே இந்தியர்கள் அளந்தனர்.

ஒரே அமைப்பு

விடுதலைக்குப் பின் பிரிந்து கிடந்த சங்கங்களை ஒன்றாக்கும் முயற்சி நடந்தது. ஜவகர்லால் நேரு, கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத், குன்ஸ்ரு, நீதிபதி விவியன் போஸ் முதலியோர் இதில் பங்கேற்றனர். 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண சாரணியர் இயக்கம் பிறந்தது. 1951 ஆகஸ்ட் 15 அன்று சாரணியர் சங்கமும் இதில் முறைப்படி இணைந்தது. மன்னருக்குப் பதிலாக நாட்டுக்குக் கடமை என உறுதிமொழி மாறியது.

இன்றைய இந்தியச் சட்டத்தில் ஒன்பது விதிகள் உள்ளன. விலங்குகளிடம் அன்போடு இயற்கையை நேசித்தலும், ஒழுங்கோடு பொதுச்சொத்தைக் காத்தலும் அதில் சேர்ந்துள்ளன. எல்லோருக்கும் நண்பர் என்ற விதி மாறாமல் நிலைத்திருக்கிறது.

பண்பு பழக்கமாகும் முறை

சாரணியத்தில் நல்லொழுக்கத்துக்கெனத் தனிப் பாடவேளை இல்லை. பண்பைப் பழக்கமாக்குவது அணி முறை. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணி முகாமில் தானே கூடாரம் அடித்து, விறகு சேர்த்து, சமைக்கிறது. ஒருவர் தண்ணீர் கொண்டுவர மறந்தால் எட்டுப் பேருக்கும் சோறு தாமதமாகும். பொறுப்பு என்றால் என்ன என்பதை அந்தப் பசி கற்பிக்கிறது. தலைவரும் சிறுவரே ஆதலால், தன் வயதினரை அதட்டாமல் வேலை வாங்க அவர் பழக வேண்டும். பன்னிரண்டு வயதில் முடிச்சுப் போடவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் கற்றவர், விபத்தைக் கண்டால் வேடிக்கை பார்க்க மாட்டார். ‘தயாராயிரு’ என்னும் குறிக்கோளுரையின் பொருள் இதுவே: உதவும் மனம் மட்டும் போதாது, உதவும் திறனும் வேண்டும்.

இம்முறைக்கு ஆபத்தும் உண்டு. சான்றிதழும் விருதும் மேற்படிப்புக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் மட்டும் சேர்ந்தால் நற்செயல் கணக்கெழுதும் வேலையாகிவிடும். விருந்தினரை வரவேற்க வெயிலில் வரிசையாக நிற்பது மட்டுமே சாரணியம் என்று ஒரு பள்ளி கருதினால் அங்கே சீருடை இருக்கும், சட்டம் இருக்காது.

மதிப்பீடு

இந்தியச் சாரணியத்தின் வரலாறு, நல்ல சட்டம் அதை எழுதியவரைவிடப் பெரியதாக வளர முடியும் என்பதைக் காட்டுகிறது. வெளியே நிறுத்தப்பட்ட சிறுவர்கள் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. நெரிசலில் தவித்தவர்களுக்கு உதவினார்கள், தலைப்பாகையோடு அணிவகுத்தார்கள், அந்தச் சட்டத்தைத் தம் செயலால் உரிமையாக்கிக்கொண்டார்கள். இன்றும் ஒரு சாரணர் குழுவை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. அதன் சட்டையில் எத்தனை சின்னங்கள் இருக்கின்றன என்று எண்ண வேண்டியதில்லை. வகுப்பில் எவரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைக்கு அந்தக் குழுவில் இடம் கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும்.