நீலக் கலத்தை மீட்ட கிருபால் சிங்



ஆலங்குளத்திலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் நமக்குக் குயவர் தொழில் புதிதன்று. காருகுறிச்சிச் சூளைகளில் வெந்த பானைகளை நீங்கள் சந்தையில் கண்டிருப்பீர்கள். பிசைந்த களிமண் திகிரியில் ஏறிக் கைக்கு வளைந்து, தீயில் இறுகிக் கலமாகிறது. ஆனால், களிமண்ணை முதற்பொருளாகக் கொள்ளாமலே கலம் செய்யும் கலையொன்றும் நம் நாட்டில் உண்டு. அதுவே ஜெய்ப்பூரின் நீலக் கலம். அக்கலை மறையும் நிலையை எய்தி மீண்ட வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

நம் பக்கத்துச் செம்மண் காடுகளில் காலில் இடறும் வெங்கச்சங்கல்லை அறிவீர்கள் அல்லவா? அக்கல்லின் பொடியே நீலக் கலத்தின் பெரும்பகுதி. அதனுடன் கண்ணாடிப் பொடி, முல்தானி மிட்டி, பிசின், சோடா உப்பு ஆகியவற்றைக் கலந்து பிசைவர். அம்மாவு களிமண்ணைப்போல் இழுத்த இழுப்புக்கு வளையாது. ஆகவே, அப்பம்போல் தட்டி அச்சில் அழுத்தி உருவாக்குவர். குடுவை, கிண்ணம், சிறு பெட்டி, கதவுக் குமிழ், சிறிய விலங்குருவங்கள் யாவும் இவ்வாறே பிறக்கின்றன. பின்னர் வெண்பூச்சின்மேல் கோபால்ட் ஆக்சைடு, செம்பு ஆக்சைடு ஆகியவற்றால் சித்திரம் தீட்டிக் கண்ணாடிப் பூச்சு அளித்துச் சுடுவர். சூளைக்குள் செல்லும்போது மங்கித் தோன்றும் வண்ணம், வெளிவரும்போது கருநீலமாகவும் பசுநீலமாகவும் ஒளிர்கிறது.

சீனத்துப் பீங்கானுக்கு வெண்களிமண்ணும் 1,300 பாகை அளவான வெப்பமும் வேண்டும். இதற்கோ சுமார் 800 பாகையே போதும். சீனப் பீங்கானின் அழகில் மயங்கிய பாரசீகக் கைவினைஞர் வேறு பொருளால் அதனை ஒத்த கலம் செய்ய முயன்றனர். அம்மரபு இந்தியாவிற்கு வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டாம் சவாய் ராம்சிங் மன்னரின் ஆதரவால் ஜெய்ப்பூரில் தழைத்தது.

தழைத்த கலை ஏன் வாடிற்று? ஆதரவு குன்றியது ஒரு காரணம். கலவையின் நுட்பத்தைக் குடும்பத்துக்குள்ளேயே மறைத்துக் காத்தது மற்றொரு காரணம். அறிந்தவர் மறைந்தால் அவரோடு அறிவும் மறையுமன்றோ? இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இக்கலை ஏறக்குறைய அற்றுப்போயிற்று.

அந்நிலையில் முன்வந்தவர் கிருபால் சிங் சேகாவத். 1922-இல் ராஜஸ்தானத்தில் பிறந்த அவர், குயவர் அல்லர், ஓவியர். சாந்திநிகேதனில் பயின்றவர், ஜப்பானிலும் கலைப்பயிற்சி பெற்றவர். நந்தலால் போஸ் தலைமையில் நம் அரசியலமைப்பின் மூலப்படியை அணிசெய்த கலைஞருள் ஒருவர். கமலாதேவி சட்டோபாத்தியாயர், ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி ஆகியோரின் ஊக்கத்தால் 1960-களில் அவர் நீலக் கலத்தை மீண்டும் தழைக்கச் செய்தார். அஜந்தாவின் சாயலையும் ராஜபுத்திரச் சிற்றோவியத்தின் நயத்தையும் கலத்தின்மேல் ஏற்றினார். 1974-இல் பத்மஸ்ரீ விருதும், 2002-இல் சில்ப குரு விருதும் அவரை அடைந்தன. 2008-இல் அவர் மறைந்தார்.

விருதுகளினும் பெரிதாக நான் மதிப்பது மற்றொன்று. தாம் அரிதின் முயன்று கண்ட நுட்பத்தை, நாடி வந்த மாணவர்க்கு ஒளிக்காமல் கற்பித்தார்.

இதனை ஜெர்மானிய நாட்டு வரலாற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பீங்கான் இரகசியத்தைக் கண்ட பெட்கர் என்பவரைச் சாக்சனி மன்னர் காவலில் வைத்திருந்தார். 1710-இல் மைசன் நகரக் கோட்டைக்குள் தொழிற்சாலை எழுந்தது. எனினும் பத்தாண்டு நிறைவதற்குள் அங்கிருந்து ஓடிய தொழிலாளர் வழியே அந்த இரகசியம் வியன்னாவை எட்டிற்று. ஆங்கே கோட்டை மதிலாலும் காக்க இயலாத இரகசியம் வெளியேறிப் பிழைத்தது. இங்கே குடும்பத்துக்குள் ஒடுங்கிய கலையோ மடியும் நிலையை எய்தியது. கிருபால் சிங் கதவைத் திறந்தார். கலை உயிர் பெற்றது. இன்று ஜெய்ப்பூரில் பல தொழிலகங்கள் அக்கலையால் வாழ்கின்றன.

நெடுங்காலம் கரும்பலகையின் முன் நின்ற எனக்கு இவ்வரலாறு மிக இனியது. மாணவர்களே! உங்கள் ஊரிலும் பானை வனைபவர், பாய் முடைபவர், மரம் இழைப்பவர் இருக்கின்றனர். விடுமுறை நாளொன்றில் அவர்பால் சென்று அமருங்கள், கேளுங்கள், கைப்பழக்கமும் கொள்ளுங்கள். கற்க ஒருவர் வந்தால்தான் கற்பிக்கும் கலை நிலைக்கும்.