மரியோவுக்கு மீசை வந்தது ஏன்? பிக்சல் ஆர்ட் பழக 5 டிப்ஸ்

1981-ல் வெளியான 'டாங்கி காங்' கேமில் மரியோ ரொம்பச் சின்ன உருவம். வாய் வரைய இடமில்லை. அதனால் பெரிய மூக்கும் மீசையும் வைத்தார் ஷிகெரு மியாமோட்டோ. முடி வரைவது சிரமம் என்பதால் தொப்பி. இடப் பற்றாக்குறையே அடையாளமாகிவிட்டது!

ரெட்ரோ கேமுக்கு நீங்களும் வரையப் போறீங்களா? இதையெல்லாம் கவனிங்க:

அளவு: 16×16 கட்டத்தில் தொடங்குங்க. முக்கியமான அம்சத்தை மட்டும் பெரிதாக்குங்க.

உருவம்: முழுக்கக் கறுப்பாக்கிப் பாருங்க. அப்பவும் யாருன்னு தெரியணும்.

நிறம்: நிண்டெண்டோவின் என்.இ.எஸ். கன்சோலில் ஒரு ஸ்ப்ரைட்டுக்கு 3 நிறங்கள்தான். நீங்களும் குறைச்சுக்கோங்க.

கோடு: வளைவுகளில் துருத்தும் புள்ளிகளை அழிச்சிடுங்க.

சேமிப்பு: 2, 3 மடங்கு என முழு எண்ணில் மட்டும் பெரிதாக்குங்க. ஜேபெக் புள்ளிகளைக் கலங்கடிக்கும், பி.என்.ஜி.யே பெஸ்ட்.