ஒரு மார்க் ஷீட்டின் ஜெர்மனிப் பயணம்

கையில் எடுத்துப் பார்த்தால் அது சாதாரணத் தாள்தான். மேலே அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் பெயர். ஓரத்தில் சீருடை போட்ட புகைப்படம். பெயர், பிறந்த தேதி, நிரந்தரப் பதிவெண், ஆறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை என்று எண்ணிலும் எழுத்திலும். அடியில் கூட்டுத்தொகை. முன்பு அது 1200-க்கு. 2019 முதல் 600-க்கு. வேலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூவுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் எடுத்துப் படித்த ஒரு பெண்ணுடையது, மொத்தம் 540 என்று வைத்துக்கொள்வோம்.

ஊரில் இந்த ஒரு தாள் போதும். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் சேர்த்து 200-க்கு கட்-ஆஃப் போடுவார்கள், பொறியியல் கலந்தாய்வில் உட்கார்ந்துவிடலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஜெர்மனி ஆசை. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது என்று கேள்விப்பட்டிருக்கிறாள், அது உண்மையும்கூட. கடன் வாங்காமல் பிள்ளையைப் பொறியாளராக்கலாம் என்று எந்த அப்பாதான் கணக்குப் போடமாட்டார்? தாள் அங்கிருந்து கிளம்புகிறது.

வழக்கமாக முதலில் போகுமிடம் லேமினேஷன் கடை. தயவுசெய்து அங்கே கொண்டுபோகாதீர்கள். பிளாஸ்டிக் உறைக்குள் போன சான்றிதழின் மேல் யாரும் முத்திரை குத்த முடியாது. நீர்க்குறியைத் தடவிப் பார்க்கவும் முடியாது. அடுத்து யாராவது ஒருவர் அப்போஸ்டில் வாங்கச் சொல்வார். 2005 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கும் அந்த முத்திரை, ஹேக் உடன்படிக்கையின்படி பல நாடுகளில் செல்லும். ஜெர்மனியில் செல்லாது. இந்தியா அந்த உடன்படிக்கையில் சேர்ந்தபோதே ஜெர்மனி ஆட்சேபம் பதிவுசெய்தது. அதனால் இரு நாடுகளுக்கு இடையே அது நடைமுறைக்கு வரவில்லை. நம் ஆவணங்களை நம்ப முடியவில்லை என்று, பழைய முறையில் தூதரகம் செய்துகொடுத்த சான்றொப்பத்தையும் அவர்கள் நிறுத்திவைத்தார்கள். ஜெர்மன் படிப்புக்கு இது வேண்டும் என்று பணம் வாங்கும் ஏஜென்ட், பயனில்லாத ஒன்றை விற்கிறார்.

அந்த நம்பிக்கையின்மையிலிருந்து பிறந்ததுதான் அடுத்த நிலையம். தில்லியில் ஜெர்மன் தூதரகத்தின் கீழ் இயங்கும் ஏபிஎஸ் என்ற கல்விச் சான்று ஆய்வு மையம் அது. சீனர்களுக்காக 2001-இல் பெய்ஜிங்கில் தொடங்கிய முறை. இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் 1 முதல் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். மார்க் ஷீட் அசலா போலியா என்று அங்கே சரிபார்த்துச் சான்று தருவார்கள். அது இல்லாமல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கு 18,000 பெரிய தொகைதான். இருந்தாலும் இந்தச் சோதனையை நான் குறை சொல்லமாட்டேன். போலி மார்க் ஷீட் ஒன்று உள்ளே நுழைந்தால், அடிபடுவது நேர்மையாக 540 வாங்கிய பெண்தான்.

அசலென்று ஆனபிறகுதான் பெரிய கேள்வி வருகிறது: இந்தத் தாளின் மதிப்பு என்ன? ஜெர்மனியில் கல்வி மாநிலங்களின் அதிகாரம். மொத்தம் 16 மாநிலங்கள். ஆளுக்கொரு விதி வைத்துக் குழப்பிவிடாமலிருக்க, அவற்றின் கல்வி அமைச்சர்கள் 1948 முதல் ஒரு நிலையான மாநாட்டில் கூடிப் பொது முடிவுகள் எடுக்கிறார்கள். அந்த மாநாட்டின் கீழ் வெளிநாட்டுச் சான்றிதழ்களுக்கென ஒரு மைய அலுவலகம் இருக்கிறது. அது அனாபின் என்ற தரவுத்தளத்தை நடத்துகிறது. எந்த நாட்டுப் பள்ளிச் சான்று எதற்குச் சமம் என்பது அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

நம் பிளஸ் டூவுக்கு அங்கே கிடைக்கும் தீர்ப்பு: தனியாக நின்றால் நேரடிச் சேர்க்கைக்குப் போதாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருந்தால் தொழில்நுட்ப, இயற்கை அறிவியல் படிப்புகளுக்கு நேராகப் போகலாம். அங்கீகாரம் பெற்ற இந்தியப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் வெற்றிகரமாக முடித்திருந்தால், அதே துறையில் நேராகச் சேரலாம். இரண்டும் இல்லையென்றால் ஒரே வழி, ஸ்டூடியன்கோலெக். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆயத்தப் படிப்பு, இரண்டு பருவம், கடைசியில் ஒரு பெரிய தேர்வு. ஊரிலேயே ஒரு வருடம் பி.இ. படித்துவிட்டுப் போகலாம் என்ற வழியைப் பல குடும்பங்களிடம் யாரும் சொல்வதே இல்லை. சொன்னால் ஆயத்தப் படிப்பை விற்பவருக்கு வியாபாரம் இல்லை.

இந்த ஆயத்தப் படிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1951-இல் நைஜீரியாவிலிருந்து வந்த 11 மாணவர்களை கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரம் வரவேற்றது. அவர்களுக்கு மொழியும் அடிப்படையும் கற்பிக்கத் தொடங்கிய வேலை வளர்ந்து, 1956-இல் தனி நிறுவனமானது. 1961-இல் ஹெர்டர் நிறுவனம் என்று பெயர் பெற்றது. விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்த நாடுகளிலிருந்தும் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளிலிருந்தும் வந்த ஏராளமான இளைஞர்கள் அங்கேதான் ஜெர்மன் கற்றார்கள். மேற்கு ஜெர்மனியில் பல்கலைக்கழகங்களை ஒட்டி ஸ்டூடியன்கோலெக்குகள் உருவாயின. இரண்டும் ஒரே நாடானபின், 1994 ஏப்ரலில் அமைச்சர் மாநாடு இந்தப் படிப்புக்கும் அதன் தேர்வுக்கும் பொது விதித்தொகுப்பு வகுத்தது, 2006-இல் திருத்தியது. தொழில்நுட்பத்துக்கு டி வகுப்பு, மருத்துவம், உயிரியலுக்கு எம், பொருளாதாரம், சமூக அறிவியலுக்கு டபிள்யூ என்று பிரிவுகள். இந்தப் பெண்ணுக்கு டி.

தாளின் வண்ண நகல் இப்போது பெர்லினுக்குப் போகிறது. 2003-இல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்த யூனி-அசிஸ்ட் என்ற சங்கம், வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பல பல்கலைக்கழகங்களுக்காகப் பரிசீலிக்கிறது. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. இங்கே மதிப்பெண் உருமாறுகிறது. ஜெர்மனியில் 1 என்றால் மிகச் சிறப்பு, 4 என்றால் தேர்ச்சியின் விளிம்பு. திருத்தப்பட்ட பவேரிய சூத்திரம் என்ற கணக்கில், உச்ச மதிப்பெண் 600-லிருந்து 540-ஐக் கழிக்க 60. 600-லிருந்து தேர்ச்சி எல்லையான 210-ஐக் கழிக்க 390. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 1.46. இரண்டு வருட உழைப்பு இப்படி இரண்டு தசமத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆனாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. சூத்திரம் வெளிப்படையானது, வேலூரில் உட்கார்ந்து அவளே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் நன்றாக இருந்தாலும் ஸ்டூடியன்கோலெக்கில் இடம் உறுதியில்லை. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு முன்பே ஜெர்மன் மொழியில் பி1 அல்லது பி2 நிலையை எட்டியிருக்க வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது; வெளியூர்ப் பிள்ளைகள் பாடு திண்டாட்டம்தான். பல இடங்களில் மொழித் தேர்வாக வைப்பது சி-டெஸ்ட். சின்னச் சின்னப் பத்திகள் சில. முதல் வாக்கியம் முழுதாக இருக்கும். அதன்பின் ஒன்றுவிட்டு ஒரு சொல்லின் பின்பாதியை வெட்டி எடுத்திருப்பார்கள். வெட்டிய பாதியை நிரப்ப வேண்டும். பெயர்ச்சொல்லின் பால், வேற்றுமை விகுதி, வினையின் முடிவு எல்லாம் அந்த வெட்டுப்பட்ட இடத்தில்தான் ஒளிந்திருக்கும். மனப்பாடம் செய்தவர்கள் முதல் பத்தியிலேயே தடுமாறுவார்கள். அதோடு டி வகுப்புக்குக் கணிதத் தாளும் உண்டு. கால்குலேட்டரை நம்பிப் பழகாத நம் பிள்ளைகள் அதில் நன்றாகச் செய்வார்கள்.

தேறியவள் உள்ளே போகிறாள். வாரத்துக்கு ஏறக்குறைய 30 மணி நேர வகுப்பு. ஜெர்மன், கணிதம், இயற்பியல், வேதியியல் அல்லது கணினி. பிளஸ் டூவில் படித்த அதே வகையீடும் தொகையீடும்தான், ஆனால் எல்லாம் ஜெர்மனில். அரசு ஸ்டூடியன்கோலெக்கில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பருவப் பங்களிப்பு மட்டும். ஆனால் வாழ்க்கைச் செலவுக்கு முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு காட்ட வேண்டும்: 2024 செப்டம்பர் முதல் வருடத்துக்கு 11,904 யூரோ, மாதம் 992-க்கு மேல் எடுக்க முடியாது. ‘இலவசக் கல்வி’ என்று போஸ்டர் ஒட்டுபவர்கள் இந்தத் தொகையைச் சின்ன எழுத்தில்கூடப் போடுவதில்லை.

வருடக் கடைசியில் வருவது ஃபெஸ்ட்ஸ்டெலுங்ஸ்ப்ரூஃபுங். மாணவர்கள் சுருக்கமாக எஃப்எஸ்பி என்பார்கள். தவறினால் ஒரு முறை மறுபடி எழுதலாம். அதிலும் தவறினால் அந்த வழி அடைபட்டுவிடும். தேறினால் ஜெர்மன் மொழித் தகுதிக்கு வேறு சான்று தேவைப்படாது. டி வகுப்பில் தேறியவள் பொறியியல், இயற்கை அறிவியல் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். எஃப்எஸ்பியில் 2.1 வாங்கினாள் என்று வைத்துக்கொண்டால், இடங்கள் குறைவான படிப்புகளில் வேலூர் 1.46-ம் இந்த 2.1-ம் சேர்ந்து சராசரி 1.78 என்று போட்டிக்கு நிற்கும். பழைய தாள் காலாவதி ஆகவில்லை. புதிய சான்று, சொந்த நாட்டுச் சான்றோடு சேர்த்துத்தான் செல்லும். இரண்டையும் காலமெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும்.

இதுவரை சொன்னது நல்வழி. இதே தாள் வேறு வழியிலும் போவதுண்டு, இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

அரசு இடங்கள் குறைவு. நாட்டிலேயே மக்கள்தொகை மிகுந்த நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா, 2010-ஐ ஒட்டித் தன் அரசு ஸ்டூடியன்கோலெக்குகளை மூடிவிட்டது. அங்கே அப்போது மிஞ்சியவை போஹும், மெட்டிங்கன் போன்ற ஊர்களில் திருச்சபை சார்ந்தவை. அரசு பின்வாங்கிய இடத்தில் தனியார் வந்தார்கள். அவர்களில் சிலருக்கு மாநில அங்கீகாரம் உண்டு, ஒழுங்காகவும் நடத்துகிறார்கள். மற்றவர்களிடம் படித்தால் தேர்வு அவர்கள் கையில் இல்லை. மாணவி வெளித்தேர்வராக, மாநில அதிகாரிகளோ வேறொரு ஸ்டூடியன்கோலெக்கோ நடத்தும் எஃப்எஸ்பியை, முகம் தெரியாத தேர்வாளர்கள் முன் எழுத வேண்டும். அரசு வகுப்பில் வருடம் முழுக்க வாங்கிய மதிப்பெண்ணும் இறுதிக் கணக்கில் சேரும். வெளித்தேர்வருக்கு அந்தத் தாங்கல் இல்லை. அன்றைக்கு எழுதுவதுதான் மதிப்பெண். இந்த வகுப்புக்கு அவள் குடும்பம் கட்டியிருப்பது ஆயிரக்கணக்கான யூரோ.

இங்கே எனக்குப் பொறுக்காத ஒன்று இருக்கிறது. மாணவியின் தாளைத் தில்லியில் சரிபார்க்கிறார்கள், பெர்லினில் அளக்கிறார்கள், அனாபினில் தரம் பிரிக்கிறார்கள், மொழியைச் சோதிக்கிறார்கள், வங்கிக் கணக்கை முடக்குகிறார்கள். ஜெர்மன் வசிப்புச் சட்டத்தின் 16பி பிரிவு, ஸ்டூடியன்கோலெக்கிலோ அதற்கு ஒப்பான நிறுவனத்திலோ சேர்க்கை கிடைத்ததற்கு அத்தாட்சி இருந்தால் படிப்புக்கான அனுமதி தரலாம் என்கிறது. அந்த ‘ஒப்பான நிறுவனம்’ எவ்வளவு கட்டணம் வாங்கலாம், ஏஜென்டுக்கு என்ன கமிஷன் தருகிறது, எத்தனை பேர் எஃப்எஸ்பியில் தேறினார்கள், நடுவில் மூடினால் பணம் யார் தருவது என்பதையெல்லாம் நாடு முழுக்க ஒரே இடத்தில் வைத்துக் கேட்க யாரும் இல்லை. 18 வயதுப் பெண்ணிடம் பத்துக் காகிதம் கேட்கும் அமைப்பு, அவளிடம் பணம் வாங்குபவரிடமும் அவ்வளவு கேட்க வேண்டும்.

முடியாத காரியம் இல்லை. ஆஸ்திரேலியா அடிபட்டுக் கற்றுக்கொண்டது. 1990-ஐ ஒட்டி அங்கே ஆங்கிலம் கற்பித்த தனியார் கல்லூரிகள் பல சரிந்து, முன்பணம் கட்டிய சீன மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அடுத்து 1991-இல் ஒரு சட்டம், 2000-இல் இன்னும் விரிவான சட்டம் வந்தன. இன்று அங்கே வெளிநாட்டு மாணவருக்கு எந்த ஆயத்தப் படிப்பையும் மத்தியப் பதிவேட்டில் ஏற்றாமல் விற்க முடியாது. ஏஜென்ட் செய்யும் தவறுக்குக் கல்லூரி பொறுப்பேற்க வேண்டும். 2009, 2010-இல் பல கல்லூரிகள் மூடப்பட்டு இந்திய மாணவர்கள் நிறையப் பேர் தவித்தபின், 2012-இல் கட்டணப் பாதுகாப்புச் சேவை ஒன்று வந்தது: கல்லூரி மூடினால் வேறிடத்தில் இடம், அல்லது செலவாகாத கட்டணம் திரும்பக் கையில். ஆஸ்திரேலியாவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவரவில்லை. ஆனால் பணம் எங்கே போனது என்று கேட்க அங்கே ஒரு கதவு இருக்கிறது. ஜெர்மனியின் அமைச்சர் மாநாட்டுக்கு இதைச் செய்ய அதிகாரமும் அனுபவமும் இருக்கின்றன. 1994-இல் தேர்வுக்கு விதி வகுத்தவர்கள், படிப்பை விற்பவருக்கும் வகுக்கலாம்.

அதுவரை, தனியார் வகுப்புக்குப் பணம் கட்டப்போகும் வீட்டார் ஏஜென்டை விட்டுவிட்டு அந்த நிறுவனத்துக்கே மின்னஞ்சல் எழுத வேண்டும். எஃப்எஸ்பியை எந்த மாநிலத்தின் எந்த அதிகாரி நடத்துகிறார், அந்தச் சான்று பல்கலைக்கழகங்களுக்கும் செல்லுமா, தொழில்சார் உயர்கல்லூரிகளுக்கு மட்டும்தானா, விசா மறுக்கப்பட்டால் எத்தனை யூரோ எத்தனை நாளில் திரும்பி வரும் என்று கேளுங்கள். கோபுர்க், கான்ஸ்டன்ஸ் போன்ற ஊர்களில் இருக்கும் அரசு ஸ்டூடியன்கோலெக்குகளே தொழில்சார் கல்லூரிகளுக்கானவை. அதனால் இரண்டாவது கேள்வியை யாரிடமும் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. பதில் எழுத்தில் வரட்டும். வந்த பதிலை அனாபினோடும் அந்த மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தபிறகு முதல் தவணை கட்டலாம்.