மூடாத இமைக்குள் தங்கத் துண்டு: ஆண்களுக்கு ஆகுமா?

முகவாதம் வந்தவரைப் பார்க்க வருபவர்கள் கோணிய வாயைத்தான் முதலில் கவனிப்பார்கள். மருத்துவர் கவலைப்படுவதோ மூடாத கண்ணைப் பற்றி.

இமையைத் திறக்கும் தசைக்கும் மூடும் தசைக்கும் தனித்தனி நரம்புகளை அல்லாஹ் அமைத்திருக்கிறான். மூடும் தசையை இயக்குவது ஏழாவது மண்டை நரம்பான முக நரம்பு. அது செயலிழந்தால் இமை திறந்தே நிற்கும், உறக்கத்திலும்கூட. கண்ணீர் பரவாமல் கருவிழி காய்ந்து புண்ணாகும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடலாம்.

காரணம் தெரியாமல் திடீரென வரும் 'பெல்ஸ் பால்ஸி' என்ற வகைதான் அதிகம். இது வந்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமடைகிறார்கள். 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் குணமடையும் வாய்ப்பு கூடும். எனவே 'காற்று பட்டுவிட்டது' என்று எண்ணெய் தடவிக்கொண்டு நாட்களைக் கடத்த வேண்டாம். இவர்களுக்குப் பகலில் சொட்டு மருந்தும், இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்டுவதும் போதும். நோன்பு காலத்தில் சிலர் சொட்டு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் கண்ணில் மருந்து விடுவது நோன்பை முறிக்காது.

காதருகே கட்டியை அகற்றும்போது நரம்பு பாதிக்கப்பட்டவர்கள், விபத்தில் மண்டை எலும்பு முறிந்தவர்கள், தொழுநோயால் நரம்பு கெட்டவர்கள் ஆகியோருக்கு நரம்பு திரும்பாமலே போகலாம். இவர்களுக்குத்தான் இமைக்குள் எடை வைக்கும் சிகிச்சை. பெரும்பாலும் ஒரு கிராமை ஒட்டிய எடையுள்ள, இமையின் வளைவுக்கேற்ற மெல்லிய தங்கத் துண்டை மேல் இமைத் தோலுக்கு அடியில் வைத்துத் தைப்பார்கள். திறக்கும் தசை தளரும்போது அந்தப் பாரமே இமையைக் கீழே இறக்கிவிடும். முன்கூட்டியே வெவ்வேறு எடைகளை இமையின் மேல் ஒட்டிப் பார்த்து, கண் மூடவும் வேண்டும், திறக்கச் சிரமமும் கூடாது என்ற அளவைத் தேர்ந்தெடுப்பார்கள். இமையை மட்டும் மரக்கச் செய்தே இதைச் செய்ய முடியும்.

தங்கம் என்றதும் நம் சகோதரர்கள் தயங்குவது இயல்பே. ஆண்களுக்குத் தங்க ஆபரணம் ஹராம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்களின் செய்தியை அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ நூல்களில் காண்கிறோம். அறியாமைக் காலத்தில் அல்குலாப் போரில் மூக்கை இழந்த அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து வைத்திருந்தார்கள். அதில் துர்நாற்றம் ஏற்பட்டபோது, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். மருத்துவர்கள் தங்கத்தைத் தேர்ந்தெடுப்பதும் அதே காரணத்தால்தான்: உடலின் ஈரத்தில் அது கெடுவதில்லை. கூடவே அடர்த்தி அதிகம் என்பதால், சிறிய துண்டிலேயே வேண்டிய பாரம் கிடைத்துவிடும்.

தங்கப் பல், தங்க மூக்கு தேவைப்படுவோருக்கு ஆகும் என்று அறிஞர்கள் சொல்வது இந்த ஹதீஸை வைத்தே. பல்லைத் தங்கத்தால் கட்டுவதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஏற்கவில்லை. அவர்களின் மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்) அனுமதித்தார்கள். பல்லே இப்படியென்றால், வெளியே தெரியாமல் பார்வையைக் காக்கும் துண்டுக்கு அனுமதி இன்னும் தெளிவானது என்றே நாம் கருதுகிறோம். மனம் ஒப்பாதவர்களுக்கும் தங்கம் ஒவ்வாதவர்களுக்கும் பிளாட்டினம் இருக்கிறது. அது தங்கத்தைவிடவும் அடர்த்தியானது. ('வெள்ளைத் தங்கம்' என்பது பிளாட்டினம் அல்ல, தங்கக் கலவைதான்.)

இந்தச் சிகிச்சைக்கும் எல்லை உண்டு. பாரம் புவியீர்ப்பால் வேலை செய்வதால், மல்லாந்து படுத்தால் இமை முழுதாக மூடாது. தலையணையை உயர்த்த வேண்டும், இரவுக் களிம்பும் தொடர வேண்டும். சிலருக்குத் துண்டு நகர்ந்தோ தோலைக் கிழித்தோ வெளிவரக்கூடும். இமை தன்னிச்சையாகச் சிமிட்டும் வேகமும் வராது. அதற்காக, மின்சாரத்தால் அசையும் செயற்கைத் தசையை இமையோடு இணைக்கும் முயற்சியை அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் மருத்துவர்கள் இறந்தோர் உடல்களில் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள்.

தையல் ஆறும்வரை இமையில் தண்ணீர் படக் கூடாது என்றால் உளூவை எப்படிச் செய்வது என்று ஆலிமிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தங்கமும் பிளாட்டினமும் காந்தத்தால் இழுக்கப்படுவதில்லை; ஆனாலும் எம்ஆர்ஐ எடுக்கும் இடத்தில் இமைக்குள் துண்டு இருப்பதைச் சொல்லிவிடுங்கள். பின்னாளில் நரம்பு உயிர்பெற்றால், இன்ஷா அல்லாஹ், துண்டை எடுத்துவிடலாம்.