நீரைக் காப்போரும் மீனை வளர்ப்போரும்



கந்தளாய்க் குளத்தைக் கூறுமிடத்து நெல் வயல்களே நம் நினைவுக்கு வரும். ஆயின், இவ்வூருக்கு ஊராட்சி வரலாறும் ஒன்றுண்டு. சோழராட்சிக் காலத்தையொட்டி இது சதுர்வேதிமங்கலமாய் விளங்கியதனையும், இதன் சபையார் பெருங்குறிப் பெருமக்கள் எனப்பட்டதனையும் கல்வெட்டுகள் அறிவிக்கின்றன.

அத்தகைய சபைகளின் ஒழுங்கு யாது? பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) இதனை விளக்குகின்றன. ஏரி வாரியம் முதலிய வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதார் குடவோலைக்குத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினரும் அங்ஙனமே. பொதுநீரை ஆள்வோன் தன்னலத்துக்கு அப்பாற்பட்டவனாதல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

இக்கருத்து நம் காலத்தில் எங்ஙனம் சோதிக்கப்பட்டது என்பதற்கு நாகப்பட்டினக் கடற்கரை சான்று. 1990களின் தொடக்கத்தில் அங்கு இறால் பண்ணைகள் பெருகின. நெல் விளைந்த நிலத்தில் உப்புநீர் தேங்கிற்று; குடிநீர்க் கிணறுகள் கெட்டன. கடற்பொருள் ஏற்றுமதியை வளர்க்கவென 1972இல் அமைந்த அரசு வாரியம் பண்ணைகளுக்கு ஊக்கமளித்தது. அரசு ஒரு கையால் தொழிலை வளர்த்தது. மறு கையால் அதனைத் தடுக்க வேண்டியதாயிற்று.

சர்வோதயத் தொண்டர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவர்தம் துணைவியார் கிருஷ்ணம்மாளும் மக்களைத் திரட்டிப் போராடினர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், பண்ணைகளால் விளைந்த கேடு அவற்றின் வருவாயினும் மிகுதி என அறிக்கையளித்தது. 1996 டிசம்பர் 11இல் இந்திய உச்சநீதிமன்றம், கரையோர ஒழுங்குமுறை எல்லைக்குள் அமைந்த பண்ணைகளை அகற்றுமாறும், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் தனி அதிகாரசபை அமைக்குமாறும் தீர்ப்பளித்தது.

வெற்றி முழுமையாய் நிலைக்கவில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டம் கடலோர நீருயிரின வளர்ப்பை அக்கரையோரத் தடையினின்று விலக்கிற்று. அவ்விலக்கு 1991 முதலே செல்லுமென்றும் விதித்தது. உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் பண்ணை தடுக்கப்பட்டது. புதிய அதிகாரசபை வேளாண்மை அமைச்சின் கீழ் அமைந்தது. ஏற்றுமதியைக் கருதும் வணிக அமைச்சுக்கும் அதில் இடமளிக்கப்பட்டது.

நம் நாட்டிலும் இவ்வினா எழாமலில்லை. 1952இல் திலாப்பியா வந்தபின் குளத்துமீன் ஏழையின் உணவாயிற்று. 1990இல் அரசு நன்னீர் மீன்வளர்ப்புக்கான ஆதரவை நிறுத்தி, 1994இல் மீண்டும் தொடங்கிற்று. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை பிறந்தது. குஞ்சு வளர்த்தல், முதலீட்டாளரை அழைத்தல், அனுமதிப்பத்திரம் வழங்கல் ஆகிய மூன்றும் இன்று அதன் பொறுப்பே.

ஊக்குவிப்போனே தீர்ப்பவனுமாயின், நேர்மையுள்ள அலுவலரும் இருதலைக்கொள்ளி எறும்பாவர். குறை மனிதரிடத்தன்று; அமைப்பினிடத்தது. அனுமதி வழங்குவோரைத் தொழில் வளர்ப்போரினின்று பிரித்தலும், கணக்கைக் குளத்தடி மக்கள்முன் வைத்தலும் இதற்குப் பரிகாரம். உத்திரமேரூர்ச் சபையோர் ஆயிரமாண்டுக்கு முன்னரே கல்லில் வெட்டிய நெறி அதுவே.