விசுவாச உறுதி: தமிழ்க் கிறித்தவ வரலாற்றில்

விசுவாச உறுதி என்பது, கிறித்தவ சமயத்தைத் தழுவிய ஒருவர் அதன் பொருட்டுப் பதவி, சொத்து, சுற்றம், சாதி மதிப்பு, உயிர் ஆகியவற்றுள் எதை இழக்க நேர்ந்தாலும் அச்சமயத்தைக் கைவிடாமல் நிற்பதைக் குறிக்கும். இவ்வாறு நின்று உயிர் துறந்தவரைக் கத்தோலிக்கர் முன்பு வேதசாட்சி என்றும் இப்போது மறைசாட்சி என்றும், சீர்திருத்தச் சபையினர் இரத்தசாட்சி என்றும் அழைப்பர். தமிழ்ப் பகுதிகளில் இதன் வரலாறு பெரும்பாலும் உயிர்த்தியாகங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எனினும் துன்பத்தை ஏற்றவர்களில் மிகப் பலர் கொல்லப்படவில்லை. பிழைப்பையும் உறவையும் அரசின் ஆதரவையும் இழந்து, அந்த இழப்போடு நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் அவர்கள். இவ்விரு வகையினரையும் ஒருசேர நோக்கினால்தான் பொருளின் முழு அளவு புலப்படும்.

தமிழரிடையே இதற்கான முதற்பெரும் நிகழ்ச்சி இலங்கையின் மன்னாரில் 1544ஆம் ஆண்டு நடந்தது. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், மன்னார் மக்களின் வேண்டுகோளின்படி அனுப்பிய குரு ஒருவரிடம் அவர்கள் ஞானஸ்நானம், அதாவது சமயத்தில் சேர்க்கும் திருமுழுக்கு, பெற்றனர். யாழ்ப்பாண அரசனான சங்கிலி இதனைத் தன் ஆட்சிக்கு எதிரான செயலாகக் கருதிப் படையனுப்பி அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொல்வித்தான் என்பது வழிவழி வரும் செய்தி. அவர்களில் ஒருவர் பெயரும் பரவலாக அறியப்படவில்லை. 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இராமநாதபுரம் சீமையின் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தரின் நிலை இதற்கு நேர்மாறானது. லிஸ்பன் நகரில் பிறந்து, மதுரை மிஷன் எனப்பட்ட இயேசு சபைப் பணித்தளத்தில் தமிழ்த் துறவியின் கோலத்தில் வாழ்ந்த இவருக்கு 1947இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. மறவர் குலத் தலைவரான தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்றபோது, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் அரசரான சேதுபதியின் உறவினர் என்பதால் எழுந்த சினமே அருளானந்தரின் மரணத்துக்கு உடனடிக் காரணமாயிற்று. அந்தப் பெண்களும் இந்த நிகழ்ச்சியில் இழந்தவர்களே என்பதை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கடந்துவிடுகின்றனர்.

இப்பொருளில் மிக விரிவான சான்றுகளும் அழுத்தமான நினைவும் கிடைப்பது திருவிதாங்கூர் அரசின் அலுவலராக இருந்த தேவசகாயத்தின் வாழ்விலாகும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலம் என்னும் ஊரில் 1712 ஏப்ரல் 23ஆம் நாள் பிறந்த இவரது இயற்பெயர் நீலகண்டன். தந்தை நம்பூதிரி, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் பூசைப்பணி செய்தவர். தாய் நாயர் குலத்தவர். சொத்தும் குடிவழியும் தாய்வழியே செல்லும் மருமக்கள்தாய முறைப்படி நீலகண்டன் தாய் வீட்டிலேயே வளர்ந்து, மொழிகளும் படைக்கலப் பயிற்சியும் கற்று, மார்த்தாண்ட வர்மரின் தலைநகரான பத்மநாபபுரத்தில் அரண்மனைப் பணியில் அமர்ந்தார். 1741இல் நடந்த குளச்சல் போரில் டச்சுப் படையினர் தோற்றபோது பிடிபட்ட யூஸ்டாசியஸ் டிலனாய், பின்னர் அதே அரசரின் படையைப் பயிற்றுவிக்கும் தளபதியாக உயர்ந்தார். உதயகிரிக் கோட்டையில் பணி நடந்த காலத்தில் நீலகண்டனுக்கு அவரோடு நெருக்கம் உண்டாயிற்று. கால்நடைகள் மடிந்தும் பயிர் பொய்த்தும் குடும்பம் நொடித்திருந்த வேளையில், அனைத்தையும் இழந்தும் இறைவனைப் பழிக்காத, விவிலியத்தில் வரும் யோபுவின் கதையை டிலனாய் எடுத்துக் கூறினார் என்றும், அதுவே நீலகண்டனின் மனத்தைத் திருப்பியது என்றும் திருச்சபை மரபு கூறுகிறது.

திருமுழுக்கு திருவிதாங்கூருக்குள் நடைபெறவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் சென்று, தமிழில் பரஞ்சோதிநாதர் என அழைக்கப்பட்ட இயேசு சபைக் குரு புத்தாரியிடம் 1745ஆம் ஆண்டு மே மாதம் அவர் அதனைப் பெற்றார். விவிலியப் பெயரான லாசர் என்பதற்கு இறைவன் உதவினார் என்று பொருள். அதன் தமிழ் வடிவமே தேவசகாயம். மனைவி பார்கவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ என்னும் பெயர் பூண்டார். அதன்பின் தேவசகாயம் அரண்மனைப் பணியைத் தொடர்ந்தபோதிலும் சாதி விலக்குகளைக் கைக்கொள்ளவில்லை. தாழ்ந்தோர் என ஒதுக்கப்பட்ட மக்களோடு சமமாகப் பழகினார். அக்காலத் திருவிதாங்கூரில் இன்ன சாதியார் இத்தனை அடி தொலைவில்தான் நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்ததை நினைவிற்கொண்டால், அரசு அலுவலராயிருந்த ஒரு நாயர் அவர்களோடு சேர்ந்து உண்டது எத்தகைய கொந்தளிப்பை உண்டாக்கியிருக்கும் என்பது விளங்கும்.

1749 பிப்ரவரியில் அவர் சிறைப்பட்டார். அதன்பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நடந்தவை உடலைவிட மானத்தைக் குறிவைத்தவை. கழுத்தில் எருக்கம்பூ மாலையிட்டு, எருமையின் மேல் வாலை நோக்கி உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். பிரம்படியால் புண்பட்ட உடலில் மிளகாய்ப்பொடி தேய்த்து வெயிலில் நிறுத்தினர். குடிக்க நல்ல தண்ணீரும் கொடுக்கவில்லை. நேற்றுவரை அவரைக் கண்டு ஒதுங்கி வழிவிட்ட மக்கள் தெருவோரம் நின்று பார்க்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். புலியூர்க்குறிச்சியில் தாகம் தாங்காமல் அவர் முட்டியால் பாறையை இடித்தபோது நீர் சுரந்தது என்ற நம்பிக்கையால் அவ்விடம் முட்டிடிச்சான் பாறை எனப் பெயர் பெற்று இன்றும் வழிபாட்டுத் தலமாக விளங்குகிறது. பெருவிளையில் பல மாதங்கள் வேப்பமரத்தில் கட்டிவைக்கப்பட்டிருந்தபோது, அவரைக் காணவும் செபம் கேட்கவும் மக்கள் வரத் தொடங்கினர். இழிவுபடுத்தக் கட்டிய மரத்தடி மக்கள் கூடும் இடமானதால், காவலர்கள் அவரை நாட்டின் எல்லைக்குக் கொண்டுபோயினர். 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் படைவீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். காட்டில் எறியப்பட்ட உடலின் எச்சங்களைக் கிறித்தவர்கள் எடுத்துக் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தனர். இறந்தபோது அவருக்கு வயது 39.

இம்மரணத்தின் காரணம் குறித்து வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மார்த்தாண்ட வர்மர் கிறித்தவரைத் துன்புறுத்தியவர் அல்லர் என்றும், தேவசகாயம் அரச துரோகத்துக்காகவே தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் சிலர் வாதிடுகின்றனர். அவ்வரசர் கத்தோலிக்கரான டிலனாயைத் தம் படைத்தலைவராக வைத்திருந்ததும், உதயகிரிக் கோட்டைக்குள் கிறித்தவக் கோயில் அமைய இசைந்ததும் உண்மையே. ஆயினும் இச்சான்று எதிர்த்திசையிலும் பொருள் தரும். அயலவர் ஒருவர் தம் சமயத்தைப் பின்பற்றுவதை அரசு பொருட்படுத்தவில்லை. கோயிலையும் அரண்மனையையும் சார்ந்த உயர்குடியில் பிறந்த ஒருவர் அக்கட்டமைப்பை விட்டு வெளியேறி, கீழே வைக்கப்பட்டவர்களோடு அமர்ந்ததையே அரசால் பொறுக்க முடியவில்லை. மேலும், துரோகி எனக் கண்ட ஒருவரை உடனே கொன்றுவிடுவது அக்கால அரசுகளின் இயல்பு. மூன்றாண்டுகள் ஊரறிய இழிவுபடுத்துவது, அவர் மனம் மாறித் திரும்புவாரா என்று பார்க்கும் செயலாகவே தோன்றுகிறது. கொச்சி மறைமாவட்ட ஆயர் 1756இல், நிகழ்ச்சிக்கு நான்கே ஆண்டுகளுக்குப் பின் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் தேவசகாயத்தின் மரணத்தைக் குறிப்பிட்டிருப்பதால், இது பிற்காலத்தில் புனையப்பட்ட கதை என்ற கூற்றும் நிற்காது.

இருப்பினும் திருச்சபையின் முறையான ஏற்பு மிகத் தாமதமாகவே வந்தது. 2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அருளாளர் பட்டமும், 2022 மே 15ஆம் நாள் வத்திக்கானில் புனிதர் பட்டமும் அவருக்கு அளிக்கப்பட்டன. இந்தியாவின் பொதுநிலையினர், அதாவது குருவாகவோ துறவியாகவோ இல்லாத விசுவாசிகள், இடையேயிருந்து புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல்வர் இவரே. அவர் பெயரோடு வழங்கிவந்த பிள்ளை என்னும் சாதிப் பின்னொட்டை உரோமை தன் அறிவிப்பில் நீக்கிவிட்டது; அவரது வாழ்க்கைக்கு அதுவே பொருத்தம். ஞானப்பூ அம்மாளோ கணவர் இறந்தபின் தம் ஊரில் வாழ முடியாமல் வடக்கன்குளத்தில் அடைக்கலம் புகுந்து, அங்கேயே காலத்தைக் கழித்து இறந்தார். உறவும் ஊரும் பறிபோனபின் ஆண்டுக்கணக்கில் தனித்து நின்ற அவருடைய உறுதி, கணவருடைய உறுதிக்குக் குறைந்ததன்று.

அதே வடக்கன்குளம் இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் காட்டுகிறது. 1870களில் அங்கு எழுந்த கோயில், வேளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் காணாமல் வழிபடும் வகையில் இடைச்சுவரோடு இரண்டு நீண்ட பகுதிகளாகக் கட்டப்பட்டதால், காற்சட்டையின் இரு கால்களைப் போன்ற தோற்றம் கொண்டிருந்தது. 1910இல் குருக்களே சுவரை இடித்தபோது வேளாளர் தரப்பு நீதிமன்றம் சென்று தோற்றது. சாதியைத் துறந்ததற்காக ஒருவர் உயிர்விட்ட சமயத்துக்குள்ளேயே சாதி சுவரெழுப்பி வாழ்ந்ததால், ஒடுக்கப்பட்ட மக்கள் அரசிடம் மட்டுமன்றித் தம் சபையினரிடமும் போராட வேண்டியதாயிற்று.

19ஆம் நூற்றாண்டில் துன்பத்தின் களம் தெற்குத் திருவிதாங்கூரின் சீர்திருத்தச் சபைகளுக்கு மாறியது. பறையர் குலத்தில் பிறந்த மகராசன் வேதமாணிக்கத்தின் முயற்சியால் லண்டன் மிஷன் குரு ரிங்கல்தௌபே 1806இல் இப்பகுதிக்கு வந்தார். மயிலாடியில் சபை வேரூன்றியது. கூலியின்றிச் செய்ய வேண்டிய ஊழிய வேலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வர மறுத்தவர்களும், மார்பை மறைத்து மேலாடை அணிந்த நாடார் பெண்களும் தாக்கப்பட்டனர். சந்தைக்கும் கோயிலுக்கும் சென்ற பெண்களின் ஆடைகள் கிழிக்கப்பட்டன. செபக்கூடங்களும் பள்ளிகளும் எரிந்தன. 1829ஆம் ஆண்டு அரசாணை அப்பெண்களுக்கு எதிராகவே அமைந்தது. 1859 ஜூலை 26ஆம் நாள் பிரகடனமே ஓரளவு உரிமை தந்தது. ஏறக்குறைய 40 ஆண்டுகள் நீடித்த தோள்சீலைப் போராட்டம் எனப்படும் இதில் வேதசாட்சி என்று எவரும் அறிவிக்கப்படவில்லை. ஆயினும் நாள்தோறும் தெருவில் இறங்கி நடந்த அந்தப் பெண்களின் துணிவு, இக்கட்டுரையில் கூறப்படும் எந்த உறுதிக்கும் ஈடானது.

கேரளத்தின் கணவாய், மலைப் பகுதிகளில் இவ்வரலாறு வேறு வடிவம் எடுத்தது. நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் உள்ள கொல்லங்கோடு 1956வரை சென்னை மாகாணத்தின், பின்னர் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது; அதனை உள்ளடக்கிய சித்தூர் வட்டாரம் கேரளத்தில் தமிழர் மிகுந்து வாழும் பகுதி. இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கர் கோயம்புத்தூர்த் திருச்சபையோடு நெடுங்காலம் இணைந்திருந்து, 2013 டிசம்பரில் பாலக்காட்டின் சுல்தான்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான புதிய மறைமாவட்டத்துக்குள் வந்தனர். இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைகளுக்கோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கங்காணிகள், அதாவது ஆள்சேர்த்துத் தரும் மேற்பார்வையாளர்கள், நெல்லை, மதுரைச் சீமைகளிலிருந்து தேயிலைத் தொழிலாளரை அழைத்துச் சென்றனர்; அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து கிறித்தவரானவர்களும் இருந்தனர். இம்மக்களுக்குச் சிறையும் எருமை ஊர்வலமும் நேரவில்லை. அவர்களுடைய இழப்பு வட்டாட்சியர் தரும் சாதிச் சான்றிதழில் எழுதப்பட்டது.

1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைச் சாராத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என விதித்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அவ்விதி தளர்த்தப்பட்டது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் தளர்த்தப்படவில்லை. இதனால் கல்வி, வேலை, தேர்தல் தொகுதி ஆகியவற்றின் ஒதுக்கீடும், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் தலித் கிறித்தவர்களுக்குக் கிடைப்பதில்லை. தமிழ்நாடு இவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. கேரளம் தனியே ஒரு விழுக்காடு ஒதுக்கியிருக்கிறது. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவரின் வழக்கு இதன் நடைமுறை விளைவைக் காட்டும். தெருவோரச் செருப்புத் தொழிலாளருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, அதே தொழிலைச் செய்த அவருக்குக் கிறித்தவர் என்பதால் அது மறுக்கப்பட்டது; 1985இல் உச்ச நீதிமன்றமும் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. சமயம் மாறியும் அவரைச் சுற்றியிருந்த சாதி மாறவில்லை என்பதைத் தெரு அறிந்திருந்தது.

இந்நிலையில் சிலர் சான்றிதழில் இந்து எனப் பதிந்துகொண்டு கிறித்தவக் கோயிலுக்குச் செல்கின்றனர். அவர்களை விசுவாசத்தில் தளர்ந்தவர்கள் என்று இகழ்வது நியாயமன்று. பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு எடுக்கும் அம்முடிவு, சட்டம் அவர்கள்மேல் சுமத்திய நெருக்கடியின் விளைவு. அதே வேளையில், கிடைக்கக்கூடிய சலுகையை அறிந்தே விட்டுவிட்டுத் தம் சமயத்தைப் பதிவேட்டில் வெளிப்படையாக எழுதச் செய்யும் தோட்டத் தொழிலாளரும் கூலிவேலை செய்வோரும், தேவசகாயத்தின் மரபுக்கு உரிமை கொண்டாடத் தகுந்தவர்கள். மூன்றாம் பத்தியின் விலக்கை நீக்க வேண்டும் என ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2004 முதல் அவ்விலக்கை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இது குறித்து ஆராய ஒன்றிய அரசு மற்றோர் ஆணையத்தை அமைத்தது.