நீலப் பயணமும் காலி வீடுகளும்

பாய்மரப் படகில் குடா குடாவாகத் தங்கிக் கரையோரம் சுற்றி வருவதென்றால் காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு, அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். துருக்கியின் தென்மேற்குக் கரையில் இந்தப் பொழுதுபோக்கு அரசு கொடுத்த ஒரு தண்டனையிலிருந்து பிறந்தது. பிறகு அதுவே ஒரு வரலாற்றுச் சொல்லாடலாக வளர்ந்தது. அந்தச் சொல்லாடல் எதைப் பேசியது, எதை விட்டுவிட்டது என்பதுதான் இங்கே கேள்வி.

1925இல் ஜெவாத் ஷாகிர் என்ற எழுத்தாளர், ராணுவத்திலிருந்து ஓடிவந்து மரண தண்டனை பெற்றவர்களைப் பற்றி ஒரு வார இதழில் எழுதினார். அங்காராவின் ‘விடுதலை நீதிமன்றம்’ அவரை மூன்றாண்டுக்குப் போத்ருமுக்கு நாடு கடத்தியது. போத்ரும் அப்போது மீன்பிடிப்பவர்களும் கடற்பஞ்சுக்கு முக்குளிப்பவர்களும் வாழ்ந்த சின்ன ஊர். தண்டனை முடிந்ததும் மனுஷன் தானாகவே அங்கே திரும்பிப்போய் இருபதாண்டுக்கு மேல் இருந்துவிட்டார். ஊரின் பழைய கிரேக்கப் பெயரைச் சேர்த்து ‘ஹாலிகார்னாஸ் மீனவன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். ஹெரோடோட்டஸ் பிறந்த ஊர் அது.

1940களின் நடுவிலிருந்து சபாஹத்தின் எயுபோலு, அஸ்ரா எர்ஹாத் போன்ற நண்பர்கள் வந்து சேர்ந்தார்கள். பஞ்சுப் படகு ஒன்றை அமர்த்திக்கொண்டு கோகோவா வளைகுடாவுக்குள் போவார்கள். ரேடியோ, பேப்பர் எதுவும் கிடையாது. ரொட்டி, பாலாடைக்கட்டி, தண்ணீர், ராக்கி, புகையிலை, அவ்வளவுதான். கோடையில் வடமேற்கிலிருந்து அடிக்கும் ‘மெல்தெம்’ காற்றுக்கு ஒதுங்க இடம் தேடுவார்கள். அங்கெல்லாம் கரையை ஒட்டியே கடல் ஆழம். முன்பக்கம் நங்கூரத்தைப் போட்டு, பின்பக்கத்துக் கயிற்றைக் கரையிலுள்ள பைன் மரத்தில் கட்டுவதுதான் வழக்கம். எந்தக் குடாவில் எந்தக் காற்றுக்குப் பாதுகாப்பு என்பது பஞ்சு எடுப்பவர்களின் அறிவு. அந்த அறிவின் மேல் உட்கார்ந்துதான் அறிவுஜீவிகள் ஹோமரைப் பேசினார்கள். எர்ஹாத் 1962இல் இதைப் புத்தகமாக்கினார். பெயர் ‘நீலப் பயணம்’.

இவர்களின் வாதம் இதுதான்: ஹோமர் இஸ்மிர்க்காரர், அயோனியச் சிந்தனை அனதோலிய மண்ணில் விளைந்தது, இந்த மண்ணில் வாழும் நாமே அதன் வாரிசுகள். துருக்கியரின் வேரை மத்திய ஆசியாவில் தேடிய இனவாத வரலாற்றுக்கு எதிராக, ரத்தத்தை விட்டுவிட்டு மண்ணை அடிப்படையாக வைத்தது பெரிய காரியம். அதற்கு விலையும் கொடுத்தார்கள். எர்ஹாத் 1948இல் பல்கலைக்கழக வேலையை இழந்தார். 1971 ராணுவத் தலையீட்டுக்குப் பின் அவரும் எயுபோலுவும் கைதாகி, பின்பு விடுதலையானார்கள்.

ஆனால் எதிர்ச் சொல்லாடலுக்கும் அதற்கென்று ஒரு மௌனம் உண்டு. ‘வாரிசு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வாரிசு வர வேண்டுமென்றால் உடையவன் செத்திருக்க வேண்டும். இந்தக் கரையின் கிரேக்கர்கள் சாகவில்லை, வெளியேற்றப்பட்டார்கள். 1923 ஜனவரி 30இல் லோசானில் கையெழுத்தான உடன்படிக்கை, மதத்தை மட்டும் அளவுகோலாக வைத்து மக்களைப் பரிமாறியது. 1922 போரிலேயே ஓடியவர்களையும் சேர்த்தால் சுமார் 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் துருக்கியை விட்டுப் போனார்கள். ஏறத்தாழ 4 லட்சம் முஸ்லிம்கள் கிரீஸிலிருந்து வந்தார்கள். போத்ருமில் குடியேறிய கிரீட் தீவு முஸ்லிம்களுக்கு வீட்டு மொழி கிரேக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பேரன் பேத்திகள் போன சுவடு ஆறுவதற்குள், இரண்டாயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஹோமர் ‘நம்மவர்’ ஆனார். பழைய இறந்தவர்களுக்கு இடம் கிடைத்தது. நேற்றுப் போனவர்களுக்கு அந்த வரலாற்றில் கணக்கில்லை.

இன்று பயணப் படகுகள் நிற்கிற கெமிலர் தீவுக்கு எதிர்க்கரையில் இறங்கி மேட்டுப்பாதையில் நடந்தால் காயாகொய் வரும். கிரேக்கர்கள் அதை லெவிஸ்ஸி என்றார்கள். கூரையில்லாத நூற்றுக்கணக்கான கல்வீடுகள் மலைச்சரிவில் அப்படியே நிற்கின்றன. கோயில் தூண்களைப் பார்க்கிற கண்ணால் இந்த வீடுகளைப் பார்க்க முடியாது. இங்கே ‘தொன்மை’ என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

1986இல் வந்த நோயில் கிழக்கு மத்தியதரைக் கடலின் பஞ்சுகள் அழிய, அந்தத் தொழில் படுத்தது. நீலப் பயணம் சுற்றுலாச் சரக்கானது; ‘குலெத்’ படகுகள் வாடகைக்கு ஓடின. 2015 செப்டம்பர் 2 அன்று, சில கிலோமீட்டரே தள்ளியிருக்கும் கோஸ் தீவுக்குப் போக முயன்ற ஒரு சிரியக் குர்துக் குழந்தையின் உடல் போத்ரும் கரையில் ஒதுங்கியது. ஒரே கடல், ஒரே காற்று. யாருக்கு அது பயணம், யாருக்கு வெளியேற்றம் என்பதைக் கடவுச்சீட்டு தீர்மானிக்கிறது.

ஹாலிகார்னாஸ் மீனவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நோக்கமில்லை. நாடு கடத்தப்பட்ட ஒருவர் கட்டிய வரலாற்றிலேயே நாடு கடத்தப்பட்டவர்கள் விடுபட்டுப்போகிறார்கள் என்றால், மண்ணைச் சொந்தம் கொண்டாடும் எல்லா வரலாறுகளிடமும் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: முதலில் வந்தவர்கள் யார் என்பது இருக்கட்டும், இங்கிருந்து கடைசியாகப் போனவர்கள் யார்?